குனிந்த தலையை எண்ணாத கேமரா

லைட் மேடத்துக்கு எங்கள் கல்லூரியில் வழியனுப்பு விழா நடக்கவில்லை. பதினோரு வருடம் பாடம் எடுத்தவர். போன வருடம் ஓய்வு பெற்ற கணக்கருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, ஆளாளுக்கு மேடையேறி அவர் செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். மேடத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

நான் எம்பெடட் லேபில், அதாவது சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளை வைத்துப் பழகுகிற லேபில் டெக்னீஷியன். கதவைத் திறப்பது, போர்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, பிள்ளைகள் வயரை மாற்றிக் கொடுத்துப் புகைய விட்டால் ஓடிப்போய் மெயினை அணைப்பது எல்லாம் என் வேலை. முப்பத்தோரு வருடமாக மாணவர்களுக்கு நான் 'லேப் அண்ணே'. இன்னும் இரண்டு வருடம் தள்ளிவிட்டால் ஓய்வு. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதை ஒரு நிமிடம்கூட மறக்காமல்தான் நடந்துகொண்டேன்.

மேடத்துக்கு அந்தப் பெயரை வைத்தது மாணவர்கள்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். "வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்பார். அதன் பிறகுதான் குட்மார்னிங். நல்ல பெயர்தான். எனக்கு முன்னால் இருந்த டெக்னீஷியனுக்கு இதே பிள்ளைகளின் அப்பாமார் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓடுகிற பெல்ட்டின் மேலே ஒரு கேமரா, மூடி கோணலாக இருக்கும் பாட்டிலைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அந்தக் கேமராவுக்குக் காவல் இவர். ஒரு கோடையில் தினமும் சாயங்காலம் நாற்பது நிமிடம் மட்டும் அது நல்ல பாட்டில்களையெல்லாம் தள்ள ஆரம்பித்தது. பெரிய பெரிய இன்ஜினீயர்கள் மூன்று நாள் புரோகிராமைக் குடைந்தார்களாம். மேடம் நாலாவது நாள் ஒரு பழைய சாக்கை எடுத்துப்போய் மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வார். நான் பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். பதினோரு தடவையும் அந்தச் சாக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது.

மகள் பிறந்ததும் ஷிப்ட் ஒத்துவரவில்லை. "பிள்ளைய நான் பார்த்துக்குவேன், ஆனா உன்னை மாதிரி மணி பார்த்து வளர்க்க மாட்டேன்" என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம். கொஞ்ச நாளைக்கு என்று கல்லூரிக்கு வந்தவர் இங்கேயே ஒட்டிக்கொண்டார். ஆனால் கல்லூரி அவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. வருடா வருடம் ஒரு தாள் வரும், 'அடுத்த கல்வியாண்டுக்கு மட்டும்' என்று. பதினோரு தாள்களையும் ஒரே கோப்பில் வைத்திருந்தார்.

அவர் வீட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். கணவர் பல் செட் செய்கிறவர். முன்னறைதான் அவருடைய பட்டறை. அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எண். சாப்பாட்டு மேசையின் பாதியில் பல், மீதியில் மேடத்தின் போர்டுகளும் வயர்களும். நடுவில் கிடைத்த சந்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுல நான் பல்லு, அவ கண்ணு. மூக்குக்கு ஒரு மாப்பிள்ளை கிடைச்சுட்டா முழு ஆளாயிடும்" என்றார் கணவர். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நகைச்சுவையை அவள் எத்தனை விருந்தாளிகளுக்கு முன்னால் தாங்கியிருக்கிறாளோ.

அவர் பாடம் எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் கம்ப்யூட்டரையே தொட விட மாட்டார். கொண்டுவருவது ஒரு சிவப்பு வாளி. "என்ன நிறம்?" என்பார். எல்லோரும் சிவப்பு என்பார்கள். வாளியைக் கேமராவுக்குக் காட்டி, அது கொடுக்கும் எண்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்வார். ஜன்னலோரம் ஒரு எண், டியூப்லைட்டுக்குக் கீழே வேறு எண், நிழலில் வேறு. "உங்களுக்கு வாளி தெரியுது. அதுக்கு எண்தான் தெரியுது. இந்த வித்தியாசம் மண்டையில ஏறினா பாதிப் பாடம் முடிஞ்சது" என்பார். பிறகு உள்ளங்கையில் அடங்குகிற போர்டு. பெரிய கம்ப்யூட்டரில் ஓடுவதையெல்லாம் இதில் ஓட வைக்க வேண்டும். மெமரி போதாது, சூடாகும், பாதியில் நின்றுபோகும். பிள்ளைகள் திட்டிக்கொண்டே செய்வார்கள். மேடம் வகுப்பில் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாலு பேர் ஒரு போர்டின் மேல் கவிழ்ந்துகிடப்பார்கள், தலையோடு தலை முட்டும். வெளிச்சத்தைப் பாடம் நடத்தும் நாட்களில் பாதி விளக்குகளையும் அணைத்துவிடுவார்.

மூன்றாவது வாரத்தில் அவர் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம். "ஒரு ரூம்ல எடுத்த வீடியோவ வச்சு கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தீங்கன்னா, அதே ரூம்ல பரீட்சை வைக்காதீங்க. அது பாடத்தைப் படிக்கல, ரூமை மனப்பாடம் பண்ணியிருக்கு. பார்க்காத ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க பாஸானாதான் பாஸ்." பிள்ளைகள் மறந்தாலும் எனக்கு இது மனப்பாடம்.

எங்கள் துறைத்தலைவர் ஸ்லைடு சார். அவர் வகுப்பில் விளக்கணைந்தால் தொண்ணூறு ஸ்லைடு ஓடும். பழைய மாணவர்கள் தங்கள் தம்பிமாருக்கு எந்த ஸ்லைடில் சிரிக்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் நாற்காலிக்கு ஆபத்தில்லாத வரை எல்லோருக்கும் நல்லவர்.

போன வருடம் ஒரு புது விதி வந்தது. விருப்பப் பாடங்களில் வகுப்புக்கு வருகிறவர்கள் சராசரி நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தை நிறுத்திவிடுவார்கள். நிரந்தர ஆசிரியர் என்றால் வேறு பாடத்துக்கு மாற்றுவார்கள். ஒப்பந்த ஆசிரியர் என்றால் அந்த வருடாந்தரத் தாள் வராது. மேடம் கவலைப்படவில்லை. அவர் வகுப்பில் இருந்தது நாற்பத்தோரு பேர். காய்ச்சலோடு வந்து உட்காரும் பிள்ளைகளை அவரே திட்டி அனுப்புவார்.

அதே சமயத்தில் இறுதியாண்டில் இரண்டு பேர் மேடத்திடம் ஒரு புராஜெக்ட் செய்தார்கள். ஒருத்தி 'சாலிடர்'. வயரை ஒட்ட அவள் உருக்கி வைக்கிற ஈயப் பொட்டைப் பார்த்தால் இயந்திரம் வைத்ததோ என்று தோன்றும், பேசவே மாட்டாள். இன்னொருவன் 'ரேடியோ', அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவன். வகுப்பறையின் முன்பக்க மூலையில் ஒரு சின்னக் கேமரா, அதனோடு ஒரு போர்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணி எண்ணிக்கையை அலுவலகத்துக்கு அனுப்பும். இதைக் கேள்விப்பட்டதும் ஸ்லைடு சாருக்குக் கண்கள் அகல விரிந்தன. கல்லூரிக்குத் தரம் போட ஆய்வுக் குழு வரப்போகிறது, எல்லா வகுப்பறையிலும் மாட்டிவிடலாம் என்றார்.

மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படம் எதுவும் சேமிக்கக் கூடாது. எண்ணிவிட்டு அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும். "பிள்ளைங்க தூங்குறதும் அழுறதும் ஆபீஸ் ஸ்க்ரீன்ல வரக் கூடாது சார். எண் மட்டும் போகட்டும்" என்றார். சார் ஒப்புக்கொண்டார்.

பயிற்சிக்கு வீடியோ வேண்டும். மேடம் ஒரு தாளில் ஆறு அறைகளின் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தார். முதல் மாடி கருத்தரங்கக் கூடம், இரண்டாம் மாடியில் இரண்டு, மூன்றாம் மாடியில் இரண்டு, கடைசியாக எங்கள் லேப். "லேப்ல பிள்ளைங்க வேலை செய்யும்போது எடுங்க அண்ணே. போஸ் கொடுக்கச் சொல்லாதீங்க, அவங்க இருக்கிறபடியே எடுங்க."

கருத்தரங்கக் கூடத்தில் எடுத்தேன். அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. என் மூட்டும் ஓடவில்லை. ஸ்டாண்டையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவதை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, வியாழனுக்குள் வேண்டும் என்று சார் உயிரை எடுத்தார். கூடத்தில் மணிக்கொரு வகுப்பு மாறி மாறி வந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒன்று, திறந்துவிட்டு ஒன்று எடுத்தேன். லேபுக்குக்கூட ஸ்டாண்டைத் தூக்கிப்போகவில்லை, எல்லாம் ஒரே இடத்தில் முடியட்டும் என்று விட்டேன். தலை என்றால் தலைதானே, எந்த மாடியில் இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு வீடியோவுக்கும் தாளில் இருந்த ஆறு அறைகளின் பெயரை வைத்தேன். ஒன்றுதான் உண்மை, ஐந்து பொய்.

"எல்லா ரூமும் வந்துடுச்சா அண்ணே?" என்று மேடம் கேட்டார்.

"வந்துடுச்சு மேடம்."

அவர் திறந்து பார்த்திருக்கலாம். பக்கத்தில் சார் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய காரணம், பதினோரு வருடத்தில் நான் அவரிடம் ஒரு ஸ்க்ரூ விஷயத்தில்கூடப் பொய் சொன்னதில்லை. பிள்ளைகள் மேடம் சொன்ன முறைப்படியே செய்தார்கள், அவசரத்தில் தலைகளைக் குறித்தார்களே தவிர அறையைக் கவனிக்கவில்லை. நாலு 'அறை'யில் பயிற்சி, பார்க்காத இரண்டு 'அறை'யில் பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்று வந்தது. மேடம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். ஆய்வுக் குழு பாராட்டி எழுதிவிட்டுப் போனது. சார் இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தார். கேமராக்கள் எல்லா அறைகளிலும் ஏறின, எங்கள் லேபிலும்.

இரண்டு மாதம் கழித்து சார் ஒரு பட்டியலோடு லேபுக்கு வந்தார். மேடத்தின் வகுப்பில் சராசரி ஒன்பது பேர்.

"ஒன்பதா? சார், நாற்பத்தோரு பேர் சார். குறைஞ்சது முப்பத்தாறு பேராவது தினமும் வர்றாங்க. ரெஜிஸ்டரைப் பாருங்க."

"பேப்பர்ல யார் வேணா எழுதலாம் மேடம். எண் பொய் சொல்லாது. உங்க அறிக்கைதானே? தொண்ணூத்தேழுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க." அடுத்த வெள்ளிக்கிழமை முதல்வர் அறையில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேடம் அதிர்ச்சியில் உட்கார்ந்துவிடவில்லை. அவருக்கு அதெல்லாம் வராது. அடுத்த வகுப்பிலேயே கேமரா எண்ணுகிற இடைவெளியை அரை நிமிடமாக மாற்றிவிட்டு, போனில் எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வழக்கம்போல் போர்டுகளின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். திரையில் எட்டு.

"எல்லாரும் கையை எடுத்துட்டு நிமிர்ந்து கேமராவைப் பாருங்க" என்றார்.

நிமிர்ந்தார்கள். அரை நிமிடத்தில் முப்பத்தொன்பது.

"சரி, வேலையைப் பாருங்க."

குனிந்தார்கள். ஏழு.

லேப் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. கருத்தரங்கக் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து யாரோ பேசுவதைக் கேட்பதாகப் பாவனை செய்கிற தலைகளை மட்டுமே அந்தக் கேமரா பார்த்து வளர்ந்திருந்தது. குனிந்து வேலை செய்கிறவன் அதன் கணக்கில் ஆளே இல்லை. ஸ்லைடு சார் வகுப்பில் கண் திறந்து தூங்குகிறவன்கூட எண்ணிக்கையில் வந்துவிடுவான்.

ரேடியோ எழுந்து நின்றான். "மேடம், இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. நாங்க நிமிர்ந்தே உக்காந்துடுறோம். சராசரி ஏறிடும். மத்த கிளாஸ்லயெல்லாம் அப்படித்தானே மேடம் உக்காந்திருக்கோம்!"

"போர்டை யார் பார்ப்பா?"

"போர்டு கிடக்கட்டும் மேடம். உங்க வேலை முக்கியம்."

"கேமராவுக்காக உக்காரச் சொல்லவா நான் இங்க வர்றேன்? குனிடா" என்றார். அவன் குனிந்தான். அந்தப் பையன் சொன்னதை அவர் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்த லேபில் இருந்திருப்பார். எனக்கு அன்றைக்கும் ஆத்திரம் வந்தது, இன்றைக்கும் வருகிறது. கொஞ்சம் வளைந்துகொடுத்தால் என்ன என்று வளைந்தே பழகிப்போன எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பு முடிந்ததும் பழைய வீடியோக்களைத் திறந்தார். நான் போர்டுகளை அலமாரியில் அடுக்குகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"அண்ணே. மூணாவது மாடி ஜன்னலுக்குத் திரை கிடையாதே?"

திரும்பினேன். மழுப்ப இடமே இல்லை. மூட்டு வலி, லிப்ட், சாரின் அவசரம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏற முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனே அண்ணே" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதைச் சொல்வீங்களா?" என்று கேட்டார்.

"சொல்றேன் மேடம். சத்தியமா சொல்றேன்."

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி, "சொல்லிட்டு வாங்க, என்ன ஆகிடப் போகுது" என்றாள். அரை மணி நேரம் கழித்து, "பெரிசா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.

முதல்வர் அறையில் நாங்கள் நாலு பேர்தான். முதல்வர், ஸ்லைடு சார், மேடம், நான். எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக. மேடம் விஷயத்தைத் தெளிவாக, மாணவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார். கேமரா எதைப் பார்த்துப் பழகியது, ஏன் தன் வகுப்பில் மட்டும் தவறுகிறது என்றார். "பத்து நிமிஷம் லேபுக்கு வாங்க சார், கண்ணால பார்க்கலாம்" என்றார்.

"எல்லா ரூம்லயும் சரியா எண்ணுது. உங்க ரூம்ல மட்டும் தப்பா எண்ணுதுன்னா, தப்பு கேமராவுலயா மேடம் இருக்கும்?" என்றார் முதல்வர். "சரி, படம் ஏதாவது இருக்கா, அந்த ரெண்டு மாசத்துப் படம்?"

"இல்ல சார். சேமிக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

முதல்வர் ஸ்லைடு சாரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு மரியாதை. "அண்ணே, உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே சர்வீஸ் இருக்கு? இத்தனை வருஷத்துல உங்க மேல ஒரு புகார் இல்ல. வீடியோ எடுத்தது நீங்கதானே? சொன்ன ரூம்லயெல்லாம் எடுத்தீங்களா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான்.

"மேடம் சொன்னபடிதான் சார் எடுத்தேன்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. கண்ணை மூடினால் வருகிறது, அது போதும். அவர் முதல்வரைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல சார். அஞ்சு வீடியோவுக்கு இவர் பொய்ப் பேர் வச்சிருக்கார். எல்லாமே கருத்தரங்கக் கூடம். என்கிட்ட ஒத்துக்கிட்டார். பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதை எழுதிக்கோங்க. ஆனா இதையும் எழுதிக்கோங்க. வீடியோ இருக்கு, போட்டுப் பாருங்க."

முதல்வர் வீடியோவைக் கேட்காமலே பேனாவை மூடி வைத்தார். "உங்க வேலைக்கு ஆபத்துன்னதும் வயசான மனுஷன் தலையில கட்டப் பார்க்கிறீங்களே மேடம். உங்களை நான் இப்படி நினைக்கல" என்றார்.

உண்மையைச் சொன்னவர் பொய்யர் ஆனார். பொய் சொன்னவனுக்கு டீ வந்தது. நான் அதைக் குடித்தேன். கூட்டக் குறிப்பில், 'ஆசிரியர் பொறுப்பைப் பிறர்மேல் சுமத்த முயன்றார்' என்று எழுதியிருந்தார்கள். சார் எனக்குக் காட்டினார், நான் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை ஸ்லைடு சார் அறைக்குப் போய் நின்றேன். மேடம் சொன்னதுதான் உண்மை, எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா எல்லாக் கேமராவையும் கழட்டியிருக்கணும். ஆய்வுக் குழுவுக்கு வேற கடிதம் எழுதணும். நல்லவேளை சொல்லல" என்றார். "இப்ப எழுதிக் கொடுத்தா முதல்ல உங்க பென்ஷன் நிக்கும். அவங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குமான்னா, அது நிச்சயமில்ல. போய் லேபைப் பாருங்க அண்ணே."

போய் லேபைப் பார்த்தேன். மனச்சாட்சி என்று ஒன்று எனக்கு இருந்ததென்றால், அது அந்தக் கதவு வரைக்கும்தான் வந்தது.

பருவத்தின் கடைசி நாள் மேடம் பொருட்களை ஒப்படைக்க வந்தார். பன்னிரண்டாவது தாள் வரவில்லை. வேறு இரண்டு கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தாராம். இங்கிருந்து கொடுத்த சான்றிதழில் 'மாணவர் வருகை குறைவு காரணமாகப் பாடம் நிறுத்தப்பட்டது' என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு யார் கூப்பிடுவார்கள்? இப்போது கணவரின் பட்டறையில் உட்கார்ந்து பல் செட் வாங்க வருகிறவர்களுக்கு ரசீது எழுதுகிறார் என்று சாலிடர் சொன்னாள். அந்தப் பெண் என்னிடம் பேசியதே அந்த ஒரு தடவைதான். எவ்வளவு வெறுப்போடு பேசினாள்.

அன்றைக்கு மேடம் போர்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். இருபத்துநாலு போர்டு, இருபத்துநாலு கேமரா, வயர்கள் தனிப் பெட்டியில். ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தார். நான் எண்ணவில்லை.

"எண்ணிப் பாருங்க" என்றார்.

"வேண்டாம் மேடம். உங்ககிட்ட நான் எண்ணுவேனா."

"எண்ணணும். எண்ணாம யாரும் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது."

எண்ணினேன். பதினாலில் கணக்கு விட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். முடித்ததும் என்னை அடக்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன். என் மகளைவிடப் பத்துப் பதினைந்து வருடம்தான் மூத்தவர் அவர். அவர் முன்னால் அழுதேன்.

என் அழுகை நிற்கும்வரை அவர் காத்திருந்தார். "மாடி ஏறாததுக்கு எனக்குக் கோபம் இல்ல. வலி யாருக்குத்தான் வராது" என்றார். "அந்த ரூம்ல நான் உண்மைய சொன்னேன். பக்கத்துல உக்காந்து அதைப் பொய்யாக்கிட்டீங்க. என் மக, அம்மா யார் மேலயோ பழி போட்டாங்களாமேன்னு கேக்குறா. ஸ்கூல்ல யாரோ சொல்லியிருக்காங்க. அதுக்கு நான் என்ன எண்ணைக் காட்டுறது?"

அவர் ஒப்படைப்புத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்.

பதினோரு வருடம் அண்ணே என்று கூப்பிட்டவர். போட்டேன். அவர் தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வெளியே கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். எப்போதும் என்னைப் பார்த்தால் ஏதாவது கிண்டலடிக்கிற மனிதர், அன்றைக்கு வண்டியைத் திருப்புவதிலேயே மும்முரமாக இருந்தார்.

இந்தப் பருவத்திலிருந்து மேடத்தின் நேரத்தை ஸ்லைடு சாரே எடுத்துக்கொண்டார். 'கணினிப் பார்வை: ஓர் அறிமுகம்'. போர்டுகளை வெளியே எடுக்க வேண்டாம், தொலைந்துபோகும் என்று சொல்லிவிட்டார். பணிமேசைகளை அகற்றி வரிசையாக நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அறுபது பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் ஒரு ஸ்லைடு மறைகிறது, இன்னொன்று வருகிறது.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் சார் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது.

"பாருங்க அண்ணே, அதே ரூம், அதே கேமரா. எவ்வளவு கரெக்டா எண்ணுது!"

"ஆமா சார்" என்றேன்.